கோவில் காரியத்துக்குப் பரிசுச் சீட்டு விற்கலாமா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் வானொலிக்கு வரும் கடிதங்களில் சில கேள்விகள் ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் தவறாமல் வரும். அவற்றில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கின் இளையோர் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "எங்கள் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். உட்கார இடம் போதவில்லை. ஒரு கொட்டகை போட வேண்டும். திருவிழாவில் பரிசுச் சீட்டு விற்று, தேர்ப்பவனி முடிந்ததும் குலுக்கல் நடத்தலாம் என்று பேசினோம். பாதிப் பேர் நல்ல காரியம்தானே, செய்யலாம் என்கிறார்கள். மீதிப் பேர் இது சூதாட்டம், கோவில் வளாகத்துக்குள் வரவே கூடாது என்கிறார்கள். பிற சபை நண்பர்கள் எங்களைக் கேலி செய்கிறார்கள். திருச்சபை என்ன சொல்கிறது?"

நல்ல கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது அரைகுறைப் பதிலாகிவிடும். எனவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதற்கு முன் நானே செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு சின்னப் பங்கில் பங்குத்தந்தையாக இருந்தேன். மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையின் கூரை ஒழுகியது. பணம் இல்லை. பரிசுச் சீட்டு அச்சடித்தோம். ஒரு சீட்டு ஐந்து ரூபாய், ஒரு புத்தகத்தில் இருபது சீட்டு. முதல் பரிசு சைக்கிள். மறைக்கல்விப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிவில், முழுப் புத்தகத்தையும் விற்று முடித்த பிள்ளைகளின் பெயரை வாசித்துக் கைதட்டச் சொன்னேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்று நினைத்தேன்.

ஒரு பையன் மூன்று வாரமாக மறைக்கல்விக்கு வரவில்லை. விசாரிக்க வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த சீட்டுப் புத்தகத்தையும், சுருட்டி வைத்திருந்த பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். "எழு சீட்டுதான் வித்தான் சாமி. மிச்சத்தை நானே எடுத்துக்கிட்டேன். கோவில் காரியம், திருப்பிக் கொடுத்தா நல்லா இருக்காதே" என்றார். அது அவருடைய சில நாள் பீடிக் கூலி. அவர் கணவர் வாரா வாரம் லாட்டரிச் சீட்டு வாங்கிக் கூலியைத் தொலைக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவர் சீட்டு வாங்கினா சண்டை போடுவேன். இப்ப நானே பதிமூணு வாங்கிட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வாங்கியபோது எனக்குக் கூசியது. அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, விற்காத சீட்டுகளை யாரும் தயங்காமல் திருப்பித் தரலாம் என்று அறிவித்தேன். பெயர் வாசிப்பதையும் நிறுத்தினேன். கூரை சரியானது. ஆனால் இந்தக் கேள்வி அன்று முதல் என்னோடு இருக்கிறது.

விவிலியத்தில் சீட்டுக் குலுக்கல்

"விவிலியத்திலேயே சீட்டு குலுக்கியிருக்கிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வாக்களிக்கப்பட்ட நாடு இஸ்ரயேலின் குலங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பங்கிடப்பட்டது. செக்கரியா ஆண்டவரின் இல்லத்தில் தூபம் காட்டும் முறையைச் சீட்டு மூலமே பெற்றார் என்று லூக்கா முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். யூதாசின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, பர்சபா என்ற யோசேப்பு, மத்தியா ஆகிய இருவரை நிறுத்தி, இறைவனிடம் வேண்டி, சீட்டு குலுக்கினார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. இது திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் உள்ளது.

இன்னொரு இடத்திலும் சீட்டு குலுக்கினார்கள். சிலுவையின் அடியில். படைவீரர்கள் இயேசுவின் தையலில்லா அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். மேலே ஒருவர் உயிர்விட்டுக்கொண்டிருக்கிறார். கீழே அவருடைய துணி யாருக்கு என்று குலுக்கல் நடக்கிறது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டு ஒன்றுதான். மத்தியாவின் காட்சியில் அது மன்றாட்டோடு சேர்ந்திருக்கிறது. கல்வாரியில் பிறர் துன்பத்தைக் கண்டுகொள்ளாத பேராசையோடு சேர்ந்திருக்கிறது. ஆகவே சீட்டுக் குலுக்கல் என்ற செயல் தன்னிலே நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. யாருடைய பொருளை, என்ன மனதோடு, யாருக்கு என்ன விளைவு வரும்படி குலுக்குகிறோம் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மத்தியாவுக்காகச் சீட்டுப் போட்டபோது யாரும் பணம் கட்டவில்லை. அது பொறுப்பைத் தீர்மானிக்க நடந்த குலுக்கல். பரிசுக்காக நடந்தது அல்ல. புனித தோமா அக்குவினாரும் சீட்டுப் போடுவதில் வகை பிரித்தே பேசுகிறார்: பொருளைப் பங்கிடப் போடும் சீட்டு, என்ன செய்வது என்று அறியப் போடும் சீட்டு, எதிர்காலத்தை அறியப் போடும் சீட்டு. எனவே மத்தியாவைக் காட்டி நம் பரிசுச் சீட்டை நியாயப்படுத்துவதும் சரியல்ல. படைவீரர்களைக் காட்டி அதைப் பாவம் என்பதும் சரியல்ல.

திருச்சபை சொல்வது

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. அதன் கருத்து இதுதான்: அதிர்ஷ்ட விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலே நீதிக்கு எதிரானவை அல்ல. ஆனால் ஒருவர் தமக்கும் தம்மைச் சார்ந்தவர்களுக்கும் தேவையானதை இழக்கும்படி அவை செய்யும்போது, அவை ஒழுக்க நெறிப்படி ஏற்கத்தக்கவை அல்ல. சூதாட்ட வெறி மனிதரை அடிமையாக்கும் ஆபத்து கொண்டது. ஏமாற்றி விளையாடுவது கனமான குற்றம்.

மெதடிஸ்ட் மரபினரும் இரட்சணிய சேனையினரும் சூதாட்டத்தை நெடுங்காலமாக எதிர்த்து வந்திருக்கிறார்கள். நம் திருச்சபை அந்த அளவுக்கு எல்லாவற்றையும் பாவம் என்று சொல்லவில்லை. இது நமக்குக் கிடைத்த சலுகை என்று எண்ணி அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். குடித்தும் சூதாடியும் அழிந்த தொழிலாளர் குடும்பங்களை நேரில் கண்டவர்கள் அவர்கள். அவர்களின் கவலை நம் கவலையாகவும் இருக்க வேண்டும். நம் திருச்சபையும் 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தில் குருக்கள் பகடை ஆடக் கூடாது என்று கட்டளையிட்டது.

நம் ஒழுக்க இறையியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நான்கு அளவுகோல்கள் உண்டு. அவற்றை நம் திருவிழாச் சீட்டுப் புத்தகத்தின்மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, வைக்கும் பணம் ஒருவருடைய சொந்தப் பணமாகவும் அவர் விருப்பம்போல் செலவழிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய பணம் கையில் இருந்தாலும், அது உண்மையில் அந்தக் குடும்பத்தின் பணம். என் பங்கில் அந்த அம்மா கொடுத்த பணம் இந்த முதல் அளவுகோலிலேயே தோற்றுவிட்டது.

இரண்டாவது, வாங்குகிறவர் மனம் ஒப்பி வாங்க வேண்டும். நம் ஊர்களில் அதிகம் மீறப்படுவது இதுதான். பங்குத்தந்தையே சீட்டை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்? முதலாளி தன் வேலையாட்களிடம் விற்றால்? பெயர் சொல்லி அறிவித்தால்? வாசலில் சின்னப் பிள்ளை நின்று கெஞ்சினால்? துப்பாக்கி காட்டினால்தான் கட்டாயம் என்பதில்லை. வெட்கமும் ஒரு கட்டாயம்தான்.

மூன்றாவது, ஏமாற்று இருக்கக் கூடாது. எத்தனை சீட்டு அச்சடித்தோம், எத்தனை விற்றோம் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். சொன்ன பரிசு சொன்ன நாளில் கொடுக்கப்பட வேண்டும். குலுக்கல் எல்லார் கண்முன்னும் நடக்க வேண்டும்.

நான்காவது, வாய்ப்பு எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும். விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகள் அனைத்தும் பெட்டியில் விழ வேண்டும். விற்காத சீட்டுகள் அதில் இருக்கக் கூடாது. ஒரு புத்தகம் கணக்கில் வராமல் யார் வீட்டிலாவது கிடந்தால், அந்தச் சீட்டை வாங்கியவருக்கு நாம் அநீதி செய்துவிட்டோம்.

புனித தோமா அக்குவினார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தவறாக ஈட்டிய பொருளிலிருந்து தருமம் செய்யலாமா என்று கேட்கும் இடத்தில், சூதாட்டத்தில் வென்ற பணத்தைப் பற்றியும் பேசுகிறார். சிறுவர் போன்ற, தம் பொருளைத் தாமே கையாள உரிமை இல்லாதவர்களிடம் வென்ற பணம், ஆதாய ஆசை காட்டி ஒருவரை ஆட்டத்துக்கு இழுத்து வென்ற பணம், ஏமாற்றி வென்ற பணம் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்கிறார். ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. மறைக்கல்விப் பிள்ளைகளின் கையில் சீட்டுப் புத்தகம் கொடுத்த எனக்கு, அதை வாசித்தபோது நேரே என்னிடம் பேசியது போல் இருந்தது.

"திருத்தந்தையே நடத்தினாரே?"

விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் வத்திக்கானிலேயே குலுக்கல் நடந்ததே, சாமி?" ஆம், நடந்தது. திருத்தந்தைக்கு அன்பளிப்பாக வந்த பொருள்களை வைத்து 2014-ஆம் ஆண்டு இறுதியில் சீட்டு விற்றார்கள். ஒரு சீட்டு 10 யூரோ. முதல் பரிசு ஒரு ஃபியட் பாண்டா கார். மிதிவண்டிகள், காப்பி போடும் இயந்திரம், தொப்பி போன்றவையும் பரிசுப் பட்டியலில் இருந்தன. 2015 ஜனவரி 8 அன்று குலுக்கல் நடந்தது. வந்த பணம் திருத்தந்தையின் அறப்பணிகளுக்குப் போனது. பிறகும் இது தொடர்ந்தது.

இது நமக்கு ஒன்றைக் காட்டுகிறது: திருச்சபை பரிசுச் சீட்டைத் தன்னிலே பாவமாகக் கருதவில்லை. ஆனால் இதைக் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் முன் மூன்று வேறுபாடுகளைக் கவனியுங்கள். பரிசுகள் அனைத்தும் அன்பளிப்பாக வந்தவை. பரிசு வாங்கப் பணம் செலவழிக்கவில்லை. பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பி விற்கவில்லை. விருப்பமுள்ளவர் தாமே போய் வாங்கினார். மூன்றாவதாக, வத்திக்கான் தனி நாடு. அங்கே அதை நடத்தியதே அந்த நாட்டின் நிர்வாகம்தான். சட்டத்துக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை.

அதே திருத்தந்தை வேறொரு வழியையும் கையாண்டார். அவருக்குக் கிடைத்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளை 2014-இல் பாரிஸ் நகரில் ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தை உரோமை காரித்தாஸ் அமைப்பின் பணிகளுக்குக் கொடுத்தார்கள். ஏலத்தில் கேட்கிறவர் தாம் என்ன கொடுக்கிறோம், என்ன பெறுகிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார். யாரும் கனவை வாங்குவதில்லை.

நல்ல நோக்கம் சொன்னால் மட்டும் எல்லாம் நல்லதாகிவிடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அயர்லாந்தில் மருத்துவமனைகளுக்காக என்று சொல்லி 1930 முதல் 1987 வரை குதிரைப் பந்தயத்தோடு இணைந்த பெரிய லாட்டரி ஒன்று நடந்தது. சீருடை அணிந்த செவிலியரே சீட்டு எடுத்தார்கள். உலகமெங்கும் நல்ல மனதோடு வாங்கினார்கள். கடைசியில் தெரிந்தது என்ன? வசூலில் மிகக் குறைந்த பங்கே மருத்துவமனைகளுக்குப் போனது. நடத்தியவர்கள் பெரும் செல்வர்களானார்கள். ஏழை நோயாளியின் படத்தை முன்னால் வைத்தால், பின்னால் கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

நம் மாநிலத்தில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். அண்ணா முதல்வராக இருந்த 1968-இல் தமிழக அரசு பரிசுச் சீட்டு தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நாட்டுக்கு நன்மை என்ற எண்ணத்தில் தொடங்கியது நாளடைவில் என்ன ஆனது என்பதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். கூலி வாங்கிய கையோடு லாட்டரிக் கடைக்குப் போனவர்கள், தாலியை அடகு வைத்தவர்கள், ஊரை விட்டே போனவர்கள். 2003 ஜனவரியில் அரசு லாட்டரி விற்பனைக்குத் தடை விதித்தது. பல வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது அதற்குப் பிறகுதான்.

கேரளத்தில் அரசு லாட்டரி 1967 முதல் இருக்கிறது. ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவ 2011-இல் காருண்யா என்ற பெயரிலேயே ஒரு லாட்டரி தொடங்கினார்கள். அது அவர்கள் அரசின் முடிவு. ஆனால் களியக்காவிளையையும் புளியரையையும் வாளையாற்றையும் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வருகிறவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அது போக, தடைக்குப் பிறகும் மூன்று நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக நடக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் லாட்டரியால் கடனாளியான ஒரு நகைத் தொழிலாளி குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே சட்டத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். அரசு நடத்தாத, அரசு அனுமதி தராத லாட்டரிக்கு அலுவலகம் வைப்பதும், சீட்டு குலுக்கிப் பரிசு தருவதாக அறிவிப்பு வெளியிடுவதும் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294அ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவில் இருக்கிறது. "திருவிழாவில் யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். பிடிக்க மாட்டார்கள் என்பதற்காகச் செய்யலாம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை அல்லவா? பொது நன்மைக்காக இயற்றப்பட்ட நியாயமான சட்டத்துக்குப் பணிவது மனச்சான்றின் கடமை என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். ஏழைகளைக் காப்பாற்றத் தடை போட்ட மாநிலத்தில், ஏழைகளின் பெயரால் அதை மீறுவது நமக்கு அழகல்ல.

சட்டத்துக்கும் மேலே ஒன்று உண்டு. கொரிந்து நகரில் ஒரு பிரச்சினை எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவர்கள் உண்ணலாமா? உண்பது தன்னிலே பாவமல்ல என்று பவுலுக்குத் தெரியும். ஆனாலும், மனம் வலுவற்ற ஒரு சகோதரர் அதைப் பார்த்து இடறி விழுவார் என்றால், தாம் அந்த இறைச்சியையே தொடப்போவதில்லை என்கிறார். முதல் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். "இறைச்சி" என்று வரும் இடத்தில் "பரிசுச் சீட்டு" என்று போட்டு வாசித்துப் பாருங்கள். லாட்டரியை விட்டு மீண்டு வந்து, ஒவ்வொரு நாளும் போராடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். வாசலில் அவருக்கு யார் சீட்டை நீட்டுகிறார்? நாம். அதுவும் புனிதரின் படம் அச்சடித்த சீட்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். ஒரு பங்கில் 500 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் வீதம் 2,000 சீட்டு விற்றால் 2 லட்சம் ரூபாய். முதல் பரிசு ஸ்கூட்டர் 1 லட்சம். குளிர்சாதனப் பெட்டி, மிக்சி, மற்ற பரிசுகள் 35 ஆயிரம். அச்சு, ஒலிபெருக்கி, மேடை 15 ஆயிரம். மிச்சம் 50 ஆயிரம். ஒவ்வொரு 100 ரூபாயிலும் கொட்டகைக்குப் போனது 25 ரூபாய்தான். சராசரியாக ஒரு குடும்பம் நான்கு சீட்டு, அதாவது 400 ரூபாய் கொடுத்திருக்கிறது.

அதே 50 ஆயிரத்தை நேராகக் கேட்டால்? ஒரு குடும்பத்துக்கு 100 ரூபாய் போதும். முடியாதவர்கள் 20 ரூபாய் கொடுக்கட்டும். வசதியுள்ளவர்கள் 500 கொடுக்கட்டும். ஏழை வீட்டிலிருந்து 400 ரூபாய் எடுத்து, அதில் 300-ஐப் பரிசுக்கும் செலவுக்கும் கொடுத்து, 100-ஐ மட்டும் தருமத்துக்குச் சேர்ப்பது நல்ல நிர்வாகமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நேராகக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், சாமி. பரிசு இருந்தால்தான் கை நீளும்" என்று அனுபவமுள்ள பங்குப் பேரவை உறுப்பினர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெளியூர்க்காரரும் பிற சமயத்தாரும் சீட்டு வாங்குவார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சு நம்மைப் பற்றி என்ன சொல்கிறது? பிள்ளைகளின் படிப்புக்காகக் கொடுக்க மனமில்லை, ஸ்கூட்டர் கிடைக்கலாம் என்றால் மனமிருக்கிறது என்றால், பிரச்சினை பணத்தில் இல்லை. பரிசுச் சீட்டு அந்த நோயைக் குணமாக்காது. அதற்குத் தீனி போடும்.

பவுல் எப்படித் திரட்டினார்?

எருசலேமில் இருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகப் பவுல் பெரிய அளவில் நிதி திரட்டினார். எப்படித் திரட்டினார் என்பதை முதல் கொரிந்தியர் 16-ஆம் அதிகாரத்திலும், இரண்டாம் கொரிந்தியர் 8, 9-ஆம் அதிகாரங்களிலும் காணலாம். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்றபடி சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கச் சொன்னார். தேவை என்ன, யாருக்குப் போகிறது என்று விளக்கினார். மாசிதோனியக் கிறிஸ்தவர்கள் தங்கள் வறுமையிலும் தாராளமாகக் கொடுத்ததை எடுத்துச் சொன்னார். கட்டாயத்தினாலும் மனவருத்தத்தோடும் யாரும் கொடுக்க வேண்டாம் என்றார். பரிசு எதுவும் அறிவிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தார். பணத்தைக் கொண்டுபோகத் தாம் மட்டும் போகாமல், தீத்துவையும் சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களையும் ஏற்பாடு செய்தார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தம்மைக் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். திருத்தூதரே கணக்குக்கு உட்பட்டார் என்றால் நாம் எம்மாத்திரம்? 1983-இல் வெளியான நம் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே வற்புறுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது 1267-ஆம் சட்டம். கொடுத்த பொருளுக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் சட்டம்.

என் அனுபவத்தில் மக்கள் கொடுக்கத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. போன முறை கொடுத்தது என்ன ஆனது என்று தெரியாததுதான். கோவில் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு ஒட்டப்படும் பங்கில் கொட்டகை போடப் பரிசுச் சீட்டு தேவைப்படாது.

என்ன செய்யலாம்?

கடிதம் எழுதிய இளையோருக்கு என் பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரிசுச் சீட்டு தன்னிலே பாவம் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. எனவே முன்பு வாங்கியவர்களும் விற்றவர்களும் பரிசு பெற்றவர்களும் மனம் கலங்க வேண்டாம். ஆனால் நம் மாநிலத்தில் அரசு அனுமதியின்றி அதை நடத்த வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் அதை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம். எந்தச் சூழ்நிலையிலும் சிறு பிள்ளைகள் கையில் சீட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டாம். வேறு நாடுகளில் வாழும் நம் மக்கள், அங்கே சட்டம் அனுமதித்தால், நான் சொன்ன நான்கு அளவுகோல்களையும் வைத்துப் பார்த்து, பங்குத்தந்தையோடும் பேரவையோடும் பேசி முடிவு செய்யட்டும்.

மாற்று வழிகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, திருப்பலிக்குப் பின் ஏலம் விடும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. ஒரு வாழைத்தாரைப் பத்து மடங்கு விலைக்கு எடுப்பவர், வாழைத்தாருக்காக எடுப்பதில்லை. பெருமைக்காக மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டால் அது நல்ல வழி. திருவிழாவில் அன்பியங்கள் சேர்ந்து உணவுக் கடை போடலாம். கொத்தனாரும் தச்சரும் ஒரு நாள் உழைப்பைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். கொட்டகைக்கு அது பணத்தைவிடப் பெரிது.

கைப்பிடி அரிசியை மறக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவருவது நம் பாட்டிமார் பலர் அறிந்த வழக்கம். மிசோராமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்து வருகிறார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பிடி. அந்தப் பிடி அரிசியைக் கொண்டே அவர்கள் மறைபரப்புப் பணியாளர்களைத் தாங்கி வருகிறார்கள். அதில் யாருக்கும் பரிசு விழுவதில்லை. தோற்றவரும் யாரும் இல்லை.

அன்புக்குரியவர்களே, ஆண்டவர் இயேசு ஒரு நாள் கோவிலில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, மக்கள் காசு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக் காசுகளைப் போட்டார். அவர் திரும்ப எதையும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் பீடி சுற்றிய அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. அவரும் தம்மிடம் இருந்ததைத்தான் கொண்டுவந்தார். கேட்ட விதத்தில்தான் தவறு, தவறு என்னுடையது. இன்றும் நம் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். கொடுக்கிறவர்களை மட்டும் அவர் பார்ப்பதில்லை, கேட்கிறவர்களையும் பார்க்கிறார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்களிடம் இருப்பதெல்லாம் நீர் தந்தது. கைம்மாறு தேடாமல் கொடுக்கவும், யாரையும் வெட்கப்படுத்தாமல் கேட்கவும், பெற்றதற்கு நேர்மையாகக் கணக்குக் கொடுக்கவும் எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.

அன்பியக் கூட்டத்தில் பேச:

1. கடந்த ஆண்டு நம் பங்கில் திரட்டிய நிதி எதற்குச் செலவானது என்று நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் யாரிடம் கேட்கலாம்?

2. நம் அன்பியத்தில் காணிக்கை கேட்கும்போது கூச்சப்பட்டு ஒதுங்கும் குடும்பங்கள் உண்டா? அவர்களும் மகிழ்ச்சியோடு பங்கெடுக்க என்ன வழி?